கோணங்களுக்குள் என்ன உறவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடிவியலில் கோணம் பற்றிய விதிகளுக்குக் கணக்கே இல்லை என்று பலருக்குத் தோன்றும். குத்தெதிர்க் கோணங்கள் சமம், ஒத்த கோணங்கள் சமம், முக்கோணத்துக்கு 180, நாற்கரத்துக்கு 360, வட்டத்துக்குள் வந்தால் இன்னும் நாலைந்து. எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டவர்கள் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, கற்ற வழி அப்படி. அடியில் கிடப்பவை உண்மையில் இரண்டே செய்திகள்தான். ஒன்று, நேர்கோட்டின் மேல் ஒரு புள்ளியில், ஒரு பக்கமாக அமையும் கோணம் 180 பாகை. இரண்டு, இணைகோடுகளை ஒரு கோடு குறுக்கே வெட்டினால், முதல் கோட்டில் விழும் கோணமே அடுத்ததிலும் விழும். தளத்தில் வரையும் வடிவங்களைப் பற்றிக் கீழே வருபவை பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவை. கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் படிப்பது இன்னும் எளிது.

கோணம் என்பது எதை அளக்கிறது? இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையா?

இல்லை, திருப்பத்தை. ஒரு கோட்டை அதன் முனையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு சுழற்றினால் அடுத்த கோட்டின் மேல் படியும் என்பதுதான் கோணம். இடைவெளி என்று நினைப்பதால்தான், கைகளை நீட்டி வரைந்த கோணம் பெரியது, குட்டையாக வரைந்தது சிறியது என்ற மயக்கம் வருகிறது. 30 பாகைக் கோணம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோடுகள் தடித்துத் தெரியும், நீண்டு தெரியும். கோணம் மட்டும் அதே 30.

ஒரு முழுச் சுற்றை ஏன் 360 ஆகப் பிரித்தார்கள்? 100 என்றால் வசதியாக இருக்குமே?

பண்டைய பாபிலோனியர் அறுபதை அடியாக வைத்து எண்ணியவர்கள். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதெல்லாம் அவர்களிடமிருந்து வந்த வழக்கம். 360-க்கு 24 வகுஎண்கள் உண்டு, 100-க்கு ஒன்பதுதான். சுற்றை மூன்றாக, ஆறாக, எட்டாக, ஒன்பதாகப் பங்கு போட்டாலும் 360 முழு எண்ணாகவே பிரியும். 100-ஐ மூன்றாகப் பிரிக்கும்போதே தசமப் புள்ளி வந்துவிடும். சுற்றை 400 பங்காக்கும் முறையும் இருக்கிறது, உயர்கணிதத்தில் ரேடியன் இருக்கிறது (ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 பாகை). பள்ளி வடிவியலில் 360-ஐ அசைக்க யாராலும் முடியவில்லை.

நிரப்புக் கோணம், மிகைநிரப்புக் கோணம்: எது 90, எது 180?

கூடினால் 90 வருபவை நிரப்புக் கோணங்கள். கூடினால் 180 வருபவை மிகைநிரப்புக் கோணங்கள். பெயரில் ‘மிகை’ இருப்பதற்குத் தொகையும் மிகை, அவ்வளவுதான். இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாளின் ஒரு மூலையில் 35 பாகையும் வேறு மூலையில் 55 பாகையும் இருந்தால் அவையும் நிரப்புக் கோணங்களே. ஒட்டி அமைந்து ஒரே நேர்கோட்டை உண்டாக்கினால் மட்டும், தொகை 180 என்பதை நாம் அளக்காமலே சொல்லலாம்.

குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்பதை அளக்காமல் எப்படி நம்புவது?

இரண்டு கோடுகள் கத்தரிக்கோல் போல வெட்டிக்கொள்கின்றன. ஒரு கோணம் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வலப்பக்கத்துக் கோணமும் அதுவும் சேர்ந்து ஒரு நேர்கோடு, ஆகவே வலப்பக்கம் 130. அந்த 130-ம் அதற்கு அடுத்ததும் சேர்ந்து இன்னொரு நேர்கோடு, ஆகவே அடுத்தது 50. முதல் கோணத்துக்கு நேர் எதிரே நிற்பது அதுதான். 50-க்குப் பதில் வேறு எந்த எண்ணை வைத்தாலும் இதே கதைதான் நடக்கும். கத்தரிக்கோலின் பிடியை விரித்தால் வாயும் அதே அளவு விரிவது இதனால்தான்.

இணைகோடுகளில் ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம் என்று பெயர்கள் குழப்புகின்றன. எளிய வழி உண்டா?

பெயரை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது எட்டுக் கோணங்கள் தோன்றும். ஆனால் அளவுகள் இரண்டே. குறுகலாகத் தெரியும் நான்கும் சமம், அகலமாகத் தெரியும் நான்கும் சமம், ஒரு குறுகலும் ஒரு அகலமும் சேர்ந்தால் 180. குறுக்குவெட்டி செங்குத்தாக இருந்தால் எட்டும் 90. எந்தக் கணக்குக்கும் இது போதும். விடைத்தாளில் காரணம் எழுதத்தான் பெயர்கள் வேண்டும். இரு சந்திப்புகளிலும் ஒரே இடத்தில் இருப்பவை ஒத்த கோணங்கள். இணைகோடுகளுக்கு இடையே, குறுக்குவெட்டியின் இருபுறமும் எதிரெதிராக இருப்பவை ஒன்றுவிட்ட உட்கோணங்கள். இடையே ஒரே புறத்தில் இருப்பவை கூடி 180 தரும் சோடி.

ஒரு தவறை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒத்த கோணங்கள் என்றாலே சமம் என்று எழுதிவிடுவது. கோடுகள் இணையாக இல்லாவிட்டாலும் அவற்றுக்கு ஒத்த கோணங்கள் என்றுதான் பெயர், சமமாக மட்டும் இருக்காது. இணை என்று கணக்கில் சொல்லியிருக்கிறதா, படத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே சமக்குறி போட வேண்டும். மறுதலையும் உண்மை: ஒத்த கோணங்கள் சமமாக இருந்தால் கோடுகள் இணை. அளவுகோலை ஒட்டி மூலைமட்டத்தை நகர்த்தி நகர்த்தி இணைகோடுகள் போடுகிறோமே, அங்கே வேலை செய்வது இந்த மறுதலைதான். மூலைமட்டத்தின் கோணம் மாறாததால் கோடுகளும் திசை மாறுவதில்லை.

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் ஏன் எப்போதும் 180?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு முக்கோணத்தைப் பெரிதாக வரையுங்கள். அடிப்பக்கத்தின் மேல் ஒரு பென்சிலைக் கிடத்துங்கள், கூர்முனை வலப்பக்கம் பார்க்கட்டும். பென்சிலின் பின்முனையை இடது மூலையில் விரலால் அழுத்திக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், இடது பக்கக் கோட்டின் மேல் படியும் வரை திருப்புங்கள். பென்சில் இப்போது இடது மூலைக் கோணம் அளவுக்குத் திரும்பியிருக்கிறது. அந்தக் கோட்டின் மேலேயே பென்சிலை உச்சி வரை தள்ளுங்கள். கூர்முனையை உச்சியில் அழுத்திக்கொண்டு, பின்முனை வலது பக்கக் கோட்டுக்கு வரும் வரை அதே திசையில் திருப்புங்கள். அடுத்து வலது மூலைக்கு இறக்கி, பின்முனையை அங்கே அழுத்தி, பென்சில் அடிப்பக்கத்தில் படியும் வரை திருப்புங்கள், திசை மாறாமல்.

இப்போது கூர்முனை எங்கே பார்க்கிறது? இடப்பக்கம். மூன்று கோணங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பியதில் பென்சில் நேர் எதிர்த்திசைக்கு வந்துவிட்டது. அரைச்சுற்று, அதாவது 180. முக்கோணம் ஒல்லியோ குண்டோ, முடிவு இதுதான்.

பென்சில் கண்ணுக்குக் காட்டுவதைக் கோடு நிரூபிக்கும். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரையுங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் இப்போது குறுக்குவெட்டிகள். இடது மூலைக் கோணம் ஒன்றுவிட்ட கோணமாக உச்சியின் இடப்புறம் வந்து உட்காரும். வலது மூலைக் கோணம் உச்சியின் வலப்புறம். நடுவில் உச்சிக் கோணம் ஏற்கெனவே இருக்கிறது. மூன்றும் ஒரே நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து அமர்ந்துவிட்டன, தொகை 180. தொடக்கத்தில் சொன்ன இரண்டு செய்திகளையும் தவிர வேறெதையும் இங்கே பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான் கோணமானியால் அளந்தால் 179 அல்லது 181 வருகிறதே?

வரத்தான் செய்யும். பென்சில் கோட்டுக்கே தடிப்பு உண்டு. கோணமானியின் மையப்புள்ளி முனையில் சரியாக உட்காராவிட்டால் ஒரு பாகை போய்விடும். மூன்று அளவுகளில் மூன்று சிறு பிழைகள். அளவை வழிகாட்டும், நிரூபிக்காது. மூலைகளைக் கிழித்து ஒட்டிப் பார்க்கும் செய்முறைக்கும் இதுவே பொருந்தும்.

தொகை 240, 260 என்று எகிறினால் காரணம் வேறு. கோணமானியில் இரண்டு எண்வரிசைகள் இருக்கின்றன, ஒன்று இடமிருந்தும் மற்றது வலமிருந்தும் தொடங்கும். 60-ஐப் படிக்க வேண்டிய இடத்தில் 120-ஐப் படித்திருப்பீர்கள். அளக்கும் முன்பே கோணம் செங்கோணத்தைவிடச் சிறியதா பெரியதா என்று கண்ணால் முடிவுசெய்துகொண்டால் இந்தப் பிழை நேராது.

வெளிக்கோணம் என்பது 360-லிருந்து உட்கோணத்தைக் கழித்ததா?

இல்லை. அப்படிக் கழித்தால் கிடைப்பது பின்வளைகோணம். முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மூலைக்கு அப்பால் நீட்டினால், நீட்டிய கோட்டுக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே வருவதுதான் வெளிக்கோணம். உட்கோணமும் அதுவும் சேர்ந்து 180.

மற்ற இரண்டு உட்கோணங்களும் இந்த உட்கோணத்தோடு சேர்ந்து 180, வெளிக்கோணமும் இதே உட்கோணத்தோடு சேர்ந்து 180. அப்படியானால் வெளிக்கோணம் அந்த இரண்டு உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமமாகத்தானே இருக்க வேண்டும்? கணக்கில் இரண்டு அடிகளை மிச்சப்படுத்தும் விதி இது. கீழே நட்சத்திரத்திலும் வட்டத்திலும் இதுதான் கைகொடுக்கப்போகிறது.

இருசமபக்க முக்கோணத்தில் ஒரு கோணம் 40 என்றால் மற்றவை என்ன?

எந்தக் கோணம் 40 என்று கேள்வியில் இருக்கிறதா? இல்லையென்றால் விடை இரண்டு. 40 உச்சிக்கோணமானால் மீதி 140-ஐ இரண்டாகப் பிரித்து 70, 70. அடிக்கோணமானால் இன்னொரு அடிக்கோணமும் 40, உச்சி 100. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வருபவர்கள் அதிகம். ஒரு கோணம் 100 என்று கொடுத்திருந்தால் விடை ஒன்றுதான், ஏனென்றால் 100 பாகையில் இரண்டு அடிக்கோணங்கள் ஒரு முக்கோணத்தில் அடங்காது.

சமபக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம் என்ற இந்தத் தேற்றம் பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிய வடிவியல் நூலின் முதல் பகுதியில் ஐந்தாவதாக வருகிறது. அவருடைய நிரூபணம் சுற்றி வளைத்துப் போவதால் இடைக்கால ஐரோப்பாவில் இதற்குக் ‘கழுதைப் பாலம்’ என்றே பட்டப்பெயர். இதைக் கடக்க முடியாதவர் மேலே போக முடியாது என்பது கேலி. எளிய வழி ஒன்றும் இருக்கிறது. முக்கோணத்தை வெட்டியெடுத்துத் திருப்பிப் போடுங்கள். இடது பக்கம் வலது பக்கத்தின் இடத்தில் வரும், இரண்டும் ஒரே நீளம், உச்சிக்கோணமும் அதேதான். ஆகவே திருப்பிப் போட்ட முக்கோணம் பழைய இடத்தில் இம்மி பிசகாமல் பொருந்தும், இடது அடிக்கோணம் வலது அடிக்கோணத்தின் மேல் படியும்.

பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் என்கிறார்கள். கோணம் இரண்டு மடங்கானால் பக்கமும் இரண்டு மடங்கா?

வரிசை மாறாது, ஆனால் விகிதம் அப்படியே வராது. பெட்டியில் இருக்கும் 30-60-90 மூலைமட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 30-க்கு எதிர்ப்பக்கம் 1 என்றால் 60-க்கு எதிர்ப்பக்கம் ஏறத்தாழ 1.732, 90-க்கு எதிரே உள்ள கர்ணம் 2. கோணம் மூன்று மடங்கானபோதுதான் பக்கம் இரண்டு மடங்காகிறது.

மூன்று கோணங்களும் சமமாக உள்ள இரண்டு முக்கோணங்கள் ஒரே முக்கோணம்தானே?

ஒரே சாயல், ஒரே அளவு என்று சொல்ல முடியாது. ஒரு புகைப்படத்தையும் அதன் பெரிய பிரதியையும் போல, வடிவொத்தவை. சர்வசமம் என்று சொல்ல ஒரு பக்க நீளமாவது தெரிய வேண்டும்.

நாற்கரங்களில் எதற்கு என்ன விதி என்று நினைவில் நிற்பதே இல்லை.

மூலைவிட்டம் ஒன்று போட்டால் நாற்கரம் இரண்டு முக்கோணமாகும், எனவே தொகை 360. உள்நோக்கி மடங்கிய அம்புத்தலை வடிவத்துக்கும் இதே 360-தான். அதில் ஒரு உட்கோணம் 180-க்கு மேல் இருக்கும், மூலைவிட்டத்தை அந்த மடங்கிய முனையிலிருந்து போட வேண்டும், அவ்வளவே வேறுபாடு.

மற்ற விதிகளுக்கு ஒரே கேள்வி போதும்: எந்தப் பக்கங்கள் இணை? சரிவகத்தில் ஒரு சோடி இணை. அந்த இரண்டுக்கும் இடையே செல்லும் சாய்ந்த பக்கம் ஒரு குறுக்குவெட்டி. ஆகவே அதன் இரு முனைக் கோணங்களும் கூடி 180. இணைகரத்தில் இரண்டு சோடியும் இணை. எனவே எந்த இரண்டு அடுத்துள்ள கோணங்களும் கூடி 180, அதனாலேயே எதிர்க்கோணங்கள் சமம். ஒரு கோணம் தெரிந்தால் நான்கும் தெரிந்துவிடும். அந்த ஒன்று 90 ஆனால் நான்கும் 90, அது செவ்வகம். சாய்சதுரம், சதுரம் இரண்டும் இணைகரத்தின் பிள்ளைகள், தனி விதி வேண்டாம். பட்ட வடிவத்தில் இணைப்பக்கமே இல்லை. அங்கே நீளம் வேறுபட்ட பக்கங்கள் சந்திக்கும் இரண்டு மூலைகள் மட்டும் சமம்.

மூலைவிட்டம் மூலைக் கோணத்தை இரண்டு சமபாகமாகப் பிரிக்குமா என்று கேட்பார்கள். சாய்சதுரத்திலும் சதுரத்திலும் பிரிக்கும். நீளமான செவ்வகத்தில் பிரிக்காது. சந்தேகமிருந்தால் ஒரு செவ்வகத் தாளை மூலைவிட்டத்தின் வழியே மடித்துப் பாருங்கள், ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் விலகி நிற்கும்.

இன்னொன்று. நான்கு குச்சிகளை முனையில் ஆணியடித்துச் சட்டமாக்கினால் அது ஆடும். பக்கங்கள் மாறாமலே கோணங்கள் சரியும், செவ்வகம் இணைகரமாகும். மூன்று குச்சிச் சட்டம் ஆடாது. மூன்று பக்கங்கள் முடிவானால் மூன்று கோணங்களும் முடிவாகிவிடுகின்றன. மரக்கதவின் பின்புறம் குறுக்கே ஒரு கட்டை அறைந்திருப்பது நாற்கரத்தை இரண்டு முக்கோணமாக்கத்தான்.

பக்கங்கள் கூடக்கூடக் கோணங்களின் தொகை எப்படி வளர்கிறது?

ஒரு மூலையிலிருந்து எல்லா மூலைவிட்டங்களையும் போட்டால், பக்கங்களைவிட இரண்டு குறைவாக முக்கோணங்கள் கிடைக்கும். ஐங்கோணத்துக்கு மூன்று, அதாவது 540. அறுகோணத்துக்கு 720, எண்கோணத்துக்கு 1080. ஒழுங்கு வடிவமானால் (எல்லாப் பக்கமும் சமம், எல்லாக் கோணமும் சமம்) பக்க எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்: 108, 120, 135.

எனக்குப் பிடித்தது இதைவிடக் குறுக்கு வழி. பலகோணத்தின் ஓரமாக நடந்து போவதாக நினையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் நீங்கள் திரும்புவது வெளிக்கோணம் அளவு. ஒரு சுற்று முடித்துப் புறப்பட்ட திசையையே பார்த்து நிற்கும்போது மொத்தம் ஒரு முழுச் சுற்று திரும்பியிருப்பீர்கள். ஆகவே எங்கும் உள்நோக்கி மடங்காத, அதாவது குவிந்த பலகோணம் எதுவானாலும், பக்கம் மூன்றானாலும் முந்நூறானாலும், வெளிக்கோணங்களின் தொகை 360. உட்கோணம் 156 உள்ள ஒழுங்கு பலகோணத்துக்கு எத்தனை பக்கம்? வெளிக்கோணம் 24. 360-ஐ 24-ஆல் வகுத்தால் 15. முடிந்தது.

ஐங்கோண ஓடுகளால் தரையை நிரப்ப முடியாது என்பது உண்மையா?

ஒழுங்கு ஐங்கோணத்தால் முடியாது. ஓடுகள் சந்திக்கும் புள்ளியைச் சுற்றி 360 நிரம்ப வேண்டும். மூன்று ஐங்கோணங்கள் வைத்தால் 324, இன்னும் 36 பாகை சந்து. நான்காவதை வைக்க 108 வேண்டும். இப்படி ஒரே ஒழுங்கு வடிவத்தால், மூலையோடு மூலை சேர்த்து, தரையை நிரப்பக்கூடியவை மூன்றே: சமபக்க முக்கோணம் (ஆறு சேரும்), சதுரம் (நான்கு), அறுகோணம் (மூன்று). தேனடையில் அறுகோணம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏழு பக்கமும் அதற்கு மேலும் போனால் மூன்றுகூடச் சேராது, தொகை 360-ஐத் தாண்டிவிடும்.

ஒழுங்கற்ற வடிவங்களுக்கு இந்தத் தடை கிடையாது. எந்த முக்கோணமும், எந்த நாற்கரமும் தரையை நிரப்பும். அம்புத்தலைகூட!

ஐந்துமுனை நட்சத்திரத்தின் முனைகளைக் கூட்டினால் என்ன வரும்?

180. கோணல்மாணலாக வரைந்த நட்சத்திரமாக இருந்தாலும் சரி. கையெடுக்காமல் ஐந்தே கோட்டில் போடும் நட்சத்திரத்தை வரைந்து, அதில் ஒரு முனையை உச்சியாகக் கொண்ட சிறு முக்கோணத்தைப் பாருங்கள். அதன் அடிக்கோணம் ஒன்று, அதைவிட நீளமான இன்னொரு முக்கோணத்துக்கு வெளிக்கோணமாக நிற்கும். அந்த நீள முக்கோணத்தின் உள்ளெதிர்க் கோணங்கள் நட்சத்திரத்தின் வேறு இரண்டு முனைகள். மற்ற அடிக்கோணமும் அதேபோல மீதி இரண்டு முனைகளின் கூடுதல். ஐந்து முனைகளும் அந்த ஒரு சிறு முக்கோணத்துக்குள் வந்து அடைந்துவிட்டன. ஒழுங்கான நட்சத்திரத்தில் ஒவ்வொரு முனையும் 36.

வட்டத்தில் மையக்கோணம் ஏன் சரியாக இரண்டு மடங்கு?

வட்டத்தின் ஒரு வில்லை மையத்திலிருந்து பார்த்தால் ஒரு கோணம், பரிதியிலிருந்து பார்த்தால் அதில் பாதி. காரணம் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். பரிதியில் உள்ள புள்ளியிலிருந்து மையத்துக்கு ஒரு கோடு போட்டு அதைச் சற்று நீட்டுங்கள். இருபுறமும் ஒவ்வொரு முக்கோணம் உண்டாகும். இரண்டிலும் இரண்டிரண்டு பக்கங்கள் ஆரம் என்பதால் அடிக்கோணங்கள் சமம். மையத்தில் நிற்கும் வெளிக்கோணம் அந்தச் சம அடிக்கோணங்களின் கூடுதல், அதாவது பரிதியில் உள்ளதைப்போல இரு மடங்கு. இருபுறத்தையும் கூட்டினால் முழுக் கோணமும் இரு மடங்கு. (மையம் கோணத்துக்கு வெளியே விழுந்தால் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும்.)

இதிலிருந்து உடனே இரண்டு பலன். ஒரே வில்லைப் பரிதியின் மீதிப் பகுதியில் எங்கிருந்து பார்த்தாலும் கோணம் மாறாது. வில் அரைவட்டமானால் மையத்தில் 180, பரிதியில் 90.

ஒரு வட்டத் தட்டின் மையம் தெரியவில்லையா? ஒரு தாளின் மூலையை வட்டத்தின் ஓரத்தில் வையுங்கள். தாளின் இரண்டு விளிம்புகளும் வட்டத்தை வெட்டும் இடங்களில் புள்ளி வைத்து இணையுங்கள். மூலை 90 என்பதால் அந்தக் கோடு விட்டம். தாளைத் திருப்பி வேறிடத்தில் வைத்து இன்னொரு விட்டம் போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம் மையம். கவராயம்கூட வேண்டாம்.

வட்ட நாற்கரத்தில் எதிர்க்கோணங்கள் கூடி 180 வருவது எப்படி?

நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருப்பது வட்ட நாற்கரம். முந்தைய விடையின் தொடர்ச்சிதான் இது. ஒரு கோணம் ஒரு வில்லைப் பார்க்கிறது, எதிர்க்கோணம் மீதி வில்லைப் பார்க்கிறது. இரண்டு விற்களும் சேர்ந்து மையத்தில் 360, பரிதியில் பாதி, 180. செவ்வகத்தை வட்டத்துக்குள் அடக்கலாம், சாய்ந்த இணைகரத்தை அடக்க முடியாது என்பதும் இதனால் தெரியும்: இணைகரத்தின் எதிர்க்கோணங்கள் சமம், சமமான இரண்டு கூடி 180 ஆக வேண்டுமானால் ஒவ்வொன்றும் 90 ஆக வேண்டும்.

கடிகாரத்தில் 3:30 மணிக்கு முட்களுக்கு இடையே 90 பாகைதானே?

75. நிமிட முள் 6-இல் இருக்கிறது, 12-லிருந்து 180. மணி முள் 3-இல் நின்றுகொண்டிருக்காது, அரை மணியில் 3-க்கும் 4-க்கும் நடுவே வந்திருக்கும், அதாவது 105. நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகை, மணி முள் நிமிடத்துக்கு அரைப் பாகை. இதை வைத்து 3:15-க்கு நீங்களே போட்டுப் பாருங்கள். பூஜ்யம் வராது, ஏழரை வரும்.

அளவுகோலும் கவராயமும் இருந்தால் எந்தக் கோணத்தையும் வரையலாமா?

முடியாது. 60 எளிது, 90 எளிது, எந்தக் கோணத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம். ஆகவே 30, 45, 15, 75 எல்லாம் வரும். ஒழுங்கு ஐங்கோணம் வரையத் தெரிந்தால் 72-ம் 36-ம் வரும். ஆனால் 60-ஐ மூன்றாகப் பிரித்து 20 வரைய வழியே இல்லை. முயற்சி போதாமல் அல்ல, இருக்கவே முடியாது என்று 1837-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் வான்ட்செல் நிரூபித்தார். முழு எண் பாகைகளில் 3-இன் மடங்குகளை மட்டுமே இந்த இரண்டு கருவிகளால் துல்லியமாக வரையலாம். அதனால் 9 பக்க ஒழுங்கு வடிவம் கைவராது, அதன் மையக்கோணம் 40. 17 பக்கம் வரும்! 1796-இல், பத்தொன்பது வயதுகூட நிறையாத ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ் அதைக் கண்டுபிடித்தார்.

முக்கோணத்துக்கு 180 என்பது பொய்க்கும் இடம் உண்டா?

உண்டு. உலக உருண்டையின் வடதுருவத்திலிருந்து ஒரு தீர்க்கக்கோட்டின் வழியே நிலநடுக்கோட்டுக்கு இறங்குங்கள். நிலநடுக்கோட்டின் மேல் கால்பங்கு தூரம் போங்கள். வேறொரு தீர்க்கக்கோட்டின் வழியே துருவத்துக்குத் திரும்புங்கள். மூன்று மூலையிலும் 90, தொகை 270. நம் நிரூபணத்தில் உச்சி வழியாக ஒரு இணைகோடு போட்டோம். உருண்டையின் மேல் இணைகோடு கிடையாது, இரண்டு தீர்க்கக்கோடுகள் எங்கேயாவது சந்தித்தே தீரும். இரண்டு செய்திகளில் ஒன்று விழுந்ததும் 180-ம் கூடவே விழுந்துவிடுகிறது.

கனவடிவங்களின் மூலைகளுக்கும் இப்படி ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது, அழகானது. கனசதுரத்தின் ஒரு மூலையில் மூன்று சதுரங்கள் சந்திக்கின்றன, 270 பாகை. தட்டையாக இருக்க 360 வேண்டும், 90 குறைகிறது. அந்தக் குறையால்தான் அட்டை மடிந்து மூலையாக எழும்புகிறது. எட்டு மூலைக்கும் சேர்த்துக் குறை 720. நான்கு சமபக்க முக்கோணங்களால் ஆன நான்முகியில் ஒவ்வொரு மூலையிலும் 180 குறைவு, நான்கு மூலை, மீண்டும் 720. கறுப்பு ஐங்கோணமும் வெள்ளை அறுகோணமும் தைத்த கால்பந்தை, முகங்கள் தட்டையானவை என்று வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு மூலையில் 108-ம் இரண்டு 120-ம் சேர்ந்து 348, குறை வெறும் 12. ஆனால் அதில் 60 மூலைகள் இருக்கின்றன.